பேராசிரியர் பஹ்கத்தின் ஆட்சேபனை

"எட்டு வருஷமா விண்ணப்பம் போடறேன், மேடம். ஒரு தடவையாவது எனக்கு இப்படி ஒரு கொடுமை நடந்திருக்கா?"

பேராசிரியர் பஹ்கத் லுத்ஃபி நாற்காலியில் உட்காராமலே கத்தினார். கெய்ரோவில் அரசின் பொறியியல் ஆராய்ச்சி நிதியைப் பங்கிட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. இயக்குநர் சஃபினாஸுக்கு இந்தக் கூச்சலெல்லாம் பழகிப்போன சங்கதி. முடிவுகள் வெளியாகும் வாரத்தில் அவருடைய அறைக்கு வருகிறவர்கள் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது.

"முதல்ல உட்காருங்க, டாக்டர். டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடச் சொல்லட்டும்?"

"விஷம் போடச் சொல்லுங்க! என் திட்டத்தை மதிப்பிட்ட அந்த ஆளு யாரு? பேரைச் சொல்லுங்க."

"விண்ணப்பிச்சவர் யாருன்னு அவருக்குத் தெரியாது. அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. அதுதானே விதி?"

"அவன் படிச்சாவது பார்த்தானா? படிச்சிருந்தா இப்படி எழுதுவானா?" பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் அறைந்தார். "இதோ பாருங்க. 'மிகச் சிறந்த திட்டம். உடனே முழு நிதியும் வழங்கலாம்.' இது ஒரு மனுஷன் எழுதற எழுத்தா?"

சஃபினாஸ் தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"டாக்டர், உங்களுக்கு நிதி கிடைச்சிருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார். குரலும் கீழே இறங்கியது.

"என் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, மேடம். காபிக்கடையில ஹூக்காவைக் கையில எடுத்தா, 'இந்த நாட்டுல திறமைக்கு எங்க மரியாதை?'ன்னுதான் பேச்சையே ஆரம்பிப்பேன். எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க. என் வீட்டுக்காரி அவ தங்கச்சிங்ககிட்ட என்னை 'அரசாங்கம் கழுத்தை நெரிச்ச மேதை'ன்னு சொல்லுவா. பல்கலைக்கழகத் தலைவர்கூட எழுந்து வந்து தோளைத் தட்டுவார். இப்படி என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"இப்ப நிஜமாவே மேதைன்னு காட்டலாமே? தண்ணி இல்லாம சோலார் பேனல்ல படியற மணலைத் துடைக்கற இயந்திரம். பாலைவனத்துல இருக்கற நமக்கு வேண்டியதுதானே? செஞ்சு காட்டுங்க."

"அது ஓடணுமே!"

"ஓடாதா?"

"எனக்கெப்படித் தெரியும்? எழுதினது என் மாணவங்க. எந்தக் காகிதம் வந்தாலும் கடைசித் தாள்ல கையெழுத்துப் போடறது மட்டும்தான் என் வேலை. அது ஓடணும்னு இதுவரைக்கும் யார் கேட்டாங்க?"

சஃபினாஸுக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. நிதி வேண்டும் என்று காலைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். வேண்டாம் என்று மன்றாடுகிறவரை இன்றுதான் பார்க்கிறார்.

"வேணாம்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க. நான் ரத்து பண்ணிடறேன்."

"நானே வேணாம்னா, பயந்துட்டான்னு ஊரே சிரிக்கும். நீங்கதான் நிராகரிக்கணும். வழக்கம் போல மரியாதையா நிராகரிச்சுடுங்க, மேடம்."

"அப்படின்னா விதியில ஒரே வழிதான் இருக்கு. மதிப்பிட்டவருக்குத் தகுதி இல்லைன்னு நீங்க ஆட்சேபனை தரணும். ஆனா..." சஃபினாஸ் தயங்கினார். "அந்த வழி வேணாம், டாக்டர்."

"ஏன் வேணாம்?"

"காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீங்க எழுதறதை அப்படியே அவரோட பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அறிவிப்புப் பலகையில ஒட்டச் சொல்லணும். ஒரு மனுஷனோட மானமே போயிடும்."

"போகட்டுமே! கொடுங்க பேனாவை."

பஹ்கத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். "'இந்தத் துறையில் இவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது.'"

"கொஞ்சம் தணிச்சு எழுதலாமே? கவனக்குறைவுன்னு போட்டாப் போதுமே."

"கவனக்குறைவா? இருங்க. 'ஒரு வரிகூடப் படிக்காமல் அருமை என்று எழுதிக் கொடுத்துவிட்டு மதிப்பூதியம் வாங்கும் சோம்பேறி. இவரை நம்பிச் சமையலறைத் தட்டைக்கூடத் துடைக்கக் கொடுக்கக் கூடாது.' எப்படி?"

"வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணையா உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், டாக்டர். இன்னும் ஒரு தடவை யோசிங்க."

"அந்த ஆளு உங்களுக்கு மாமனா, மச்சானா? இவ்வளவு பரிஞ்சு பேசறீங்க!"

அவர் கையெழுத்தைப் போட்டு நீட்டினார். இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சஃபினாஸ் பெருமூச்சு விட்டு முத்திரையைக் குத்தினார். நிதி ரத்தானது. கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து நகலை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பஹ்கத்தின் முகத்தில் களை திரும்பியது. ஆறிப்போன டீயை ரசித்துக் குடித்தார். இன்று மாலை காபிக்கடையில் என்னவெல்லாம் பேசலாம் என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருப்பார் போல. கதவு வரை போனவர் திரும்பினார்.

"இப்பவாவது சொல்லுங்க, மேடம். யாரு அந்தக் கழுதை?"

"அவரை நீக்கிட்டதால இப்ப சொல்லலாம்," என்றார் சஃபினாஸ். "துறையோட மூத்த நிபுணர்தான் மதிப்பிடணும்னு இந்த வருஷம் புது விதி. இந்தத் துறைக்கு நம்ம நாட்டுல இருக்கறதே ஒரே ஒரு நிபுணர்தான். அதனால பேரை மறைச்சு உங்களுக்கேதான் அனுப்பினோம், டாக்டர்."