தெருவில் ஓடும் சாவி

பூட்டு பெட்டிக்குள் இருக்கிறது. சாவி வாலை ஆட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறது. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

பூவிழியின் வீட்டு மேசையில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது. குடும்பப் படங்களும் அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளும் அதற்குள் இருந்தன. கடவுச்சொல் இல்லாமல் அதை யாராலும் திறக்க முடியாது. அந்தச் சொல் வீட்டு நாயின் பெயர்தான்: சுண்டல்.

"நாளைக்கு வயர் மாற்ற என்னைத் தெருமுனை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகிறார்கள்," என்றது டிஸ்க் அலுப்போடு.

"அந்தக் கடைக்காரர் தங்கமானவர். தினமும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு பன் போடுவார்," என்றது நாய்.

"அதுதானே என் கவலை! அவர் கூப்பிட்டால் நீ திரும்பாமல் இருக்கக் கூடாதா?"

"அப்புறம் பன்னுக்கு எங்கே போவேன்?" நாய் கொட்டாவி விட்டது. "பால்காரர் கூப்பிடுகிறார், மாடிவீட்டுப் பாப்பா கூப்பிடுகிறாள். எனக்கே கழுத்து வலிக்கிறது. போய் உன் சொல்லை மாற்றிக்கொள்."

"அது என் கையிலா இருக்கிறது?"

மாலையில் அம்மா சொன்னார்: "பூவிழி, இந்தப் பேர் தெருவுக்கே தெரியும். கடைக்குக் கொடுப்பதற்குள் கடவுச்சொல்லை மாற்றிவிடு."

"புதுச் சொல் எனக்கு மறந்துபோகுமே, அம்மா."

"மறந்தால் எல்லாப் படமும் போச்சு. பார்த்துச் செய்."

டிஸ்க் காத்திருந்தது. நாய் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

பூவிழி கடவுச்சொல்லை மாற்றவில்லை. நாயின் பெயரை வடை என்று மாற்றினாள்.