வீட்டுச் சேதி

டோலக்கின் கயிற்றை இறுக்கினான். தட்டிப் பார்த்தான். மறுபடி தளர்த்தினான்.

எல்லாம் நேரத்தைக் கடத்தத்தான்.

பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் பொன்னுரங்கம் படுத்திருந்தார். கழுத்துவரை ரோஜா மாலை. வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் ஒரு பாட்டு.

கொருக்குப்பேட்டையில் யார் செத்தாலும் கானா கட்டிப் பாடியவர் அவர்தான். இன்று அவருக்கு யாராவது பாட வேண்டும்.

கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் அண்ணன் என்று கூடவே டோலக் அடித்தவன் இவன். எல்லோரும் இவனைத்தான் பார்த்தார்கள்.

"இன்னாடா, ஊர்ப் பொணத்துக்கெல்லாம் கை கிழிய அடிச்ச. உங்க அண்ணனுக்குன்னா மட்டும் கை வரலியா?"

பக்கத்து வீட்டு எத்திராஜ் சத்தம் போட்டார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

மெட்டு இருந்தது. பல்லவி இருந்தது.

வீட்டுச் சேதிதான் இல்லை.

பாடுவதற்கு முன்னால் சாவு வீட்டுக்குள் போய்விடுவார் அண்ணன். பெண்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொள்வார். செத்தவர் எப்படித் திட்டுவார், எதற்குச் சிரிப்பார், சோற்றில் எதை ஒதுக்குவார். கேட்டுக் கேட்டு வாங்குவார். அந்த வீட்டுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று பாட்டில் வந்தாக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பாட மாட்டார்.

கோதாவரியம்மா செத்தபோது, பூனையைச் செருப்பால் விரட்டிவிட்டு அதற்கே மீன் தலையை எடுத்து வைப்பாள் என்று பாடினார். தெருவே சிரித்தது. சிரிக்கும்போதே அழுதது.

அவன் எழுந்து உள்ளே போனான்.

சரளா அண்ணி சுவரில் சாய்ந்திருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு இன்னா புடிக்கும்?"

"இன்னா போட்டாலும் துன்னும்."

"கோவம் வந்தா இன்னா சொல்லும்?"

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"ஊட்ல எங்கப்பா இருந்தாரு? எங்கனா மோளம் கேட்டா சட்டைய மாட்டிக்கினு கெளம்பிருவாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உன் கூடத்தான தம்பி சுத்தினாரு. நீ பாடு. நானும் தெரிஞ்சிக்கிறேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் கட்டிய பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எல்லாம் அடுத்தவர் அம்மா. அடுத்தவர் பிள்ளை. எதிலும் அண்ணன் இல்லை.

எத்தனை ஷேர் ஆட்டோ. எத்தனை டீக்கடை. வரும் வழியெல்லாம் அண்ணன்தான் கேட்பார். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா, நீ ஏன் இளைச்சிட்ட, பொண்ணு ஏன் பேசறதில்ல. அவன் சொல்வான். சொல்லிக்கொண்டே இருப்பான்.

உனக்கு எப்படிண்ணே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒருமுறை டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவன் மகளின் கல்யாணப் பேச்சில் இருந்தான். பேசி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

வெளியே விசில் பறந்தது. பூ கட்டிய வண்டி வந்துவிட்டது.

அவன் பெட்டியருகே உட்கார்ந்தான். டோலக்கை மடியில் ஏற்றினான்.

பல்லவியை எடுத்தான். பெயர் வரும் இடத்தில் தெருவே சேர்ந்து கத்தியது.

சரளா வாசலுக்கு வந்தாள்.

சரணம் தொடங்க வேண்டிய இடம்.

விரல்கள் தாளத்தை விடவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

வாய் திறந்தபடியே இருந்தது.

"துக்கம் தொண்டைய அடைக்குது. உடுங்கப்பா, அழட்டும்" என்றார் எத்திராஜ்.

யாரோ அவன் தோளைத் தடவிக் கொடுத்தார்கள். பெட்டியிலிருந்து உடலைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

சரளா மட்டும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.