ஸ்ரெல்லாவின் சைலன்சர்

"எந்தச் சைலன்சர் எண்டு முடிவெடுத்தால்தான் எஞ்சினை அதுக்கேற்ற மாதிரி ரியூன் பண்ணலாம்," என்றான் மெக்கானிக் பார்த்தீபன்.

மோட்டார் சைக்கிளில் இலங்கையைச் சுற்றிவரப் புறப்படும் ஜெறோம், மனைவிக்குப் பயந்து, "சத்தம் குறைஞ்சதைப் போடுங்கோ அண்ணை," என்றான்.

"வேண்டாம், நல்லாய் உறுமுறதைப் போடுங்கோ," என்றாள் அவன் மனைவி ஸ்ரெல்லா.

ஜெறோமுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டாளிகளுக்குச் சொல்லக் கைப்பேசியோடு வெளியே ஓடினான்.

பார்த்தீபனுக்குப் பொறாமையாக இருந்தது. "தங்கச்சிக்கும் பைக் எண்டால் அவ்வளவு விருப்பமோ?"

"இல்லை அண்ணை. இவர் ஓடேக்கை பாடுவார். போனமுறை திருகோணமலை வரைக்கும் பின்னாலை இருந்து கேட்டனான்."

அந்நேரம் வாசலில் ஜெறோம் சந்தோஷத்தில் பாடத் தொடங்கினான்.

பார்த்தீபன் ஒரு வரிதான் கேட்டான். கையிலிருந்த சைலன்சரைக் கீழே வைத்தான்.

"பொறுங்கோ தங்கச்சி. இதைவிடச் சத்தமானது உள்ளை ஒண்டு கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."