தூக்குவாளித் தண்ணீர்

“ஏம்மா, உம் பிள்ளை மட்டும் வானத்துல இருந்து குதிச்சவளா?”

சூடாமணி டீச்சர் கேட்டதும் மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். தூக்குவாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் மகள் சின்னத்தாய், இரண்டாம் வகுப்பு.

ஒரு மாதமாக இதே கூத்துதான். பள்ளிக்கூடத்துத் தண்ணீரை மகள் தொடக் கூடாதாம்! தினமும் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வருகிறது. திருப்பரங்குன்றத்துக்கு டீச்சர் மாற்றலாகி வந்த பிறகுதான் அந்தப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அண்டாவில் மொண்டு குடிக்கிறார்கள். அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டிலும் இப்படி ஒரு சனமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீட்டுத் தண்ணி குடிச்சே பழகிருச்சு டீச்சர்.”

“கதை விடாதே. இன்னிக்கு இதை விட்டா, நாளைக்குச் சாதிக்கு ஒரு பானை வைக்கச் சொல்லுவீங்க. ஒண்ணு, இவ அண்டாத் தண்ணி குடிக்கணும். இல்லே, டி.சி.யை வாங்கிட்டுப் போ.”

“அப்படிச் சொல்லாதீங்க. இவளாவது நாலு எழுத்துப் படிக்கட்டும்.” மாயக்காளுக்கு அழுகை முட்டியது.

“விரட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா? கண்ட மாங்காயைத் தின்னுபுட்டு, வயித்துவலின்னு ஏற்கெனவே பாதி வகுப்பு வரலை.”

மாயக்காளின் முகம் செத்துப்போனது.

“அண்டாவுல என்ன குறை கண்டே? ஸ்கூல் திறக்கறப்பதான் பியூன் கடைவீதியில குடுத்து ஈயம் பூசிட்டு வந்தாரு. உள்ளே பாரு, எம்புட்டுப் பளபளன்னு இருக்கு!”

அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. தம்ளர் நிறைய மொண்டார். “இந்தா, நானே குடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிருதுன்னு பாரு!”

வாய்க்குப் போன தம்ளரை மாயக்காள் பாய்ந்து தட்டிவிட்டாள். டீச்சரின் சேலையெல்லாம் தண்ணீர்.

“என்ன திமிரு உனக்கு! நான் குடிச்சா உனக்கென்ன தீட்டு?”

“தீட்டு இல்ல டீச்சர், வெசம்!” மாயக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “வெள்ளீயம் விக்கிற வெலைக்குக் கட்டாதுன்னு, பாதிக்குப் பாதி காரீயத்தக் கலந்துல்ல இந்த அண்டாவுக்குப் பூசியிருக்கு. பூசுனது எம் புருசன்தான்... வெளிய சொன்னா பொழப்பு போயிருமேன்னு, எம் பிள்ளைய மட்டும் காப்பாத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, பாவி!”