பலகை மூஞ்சிக் குழிகள்

வீட்டுப் பட்டறை லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு இருபது கிலோ கனம், அதற்கு மேல் கர்வம். தன்னைக் கழற்றும்போதெல்லாம் அடியில் வந்து படுக்கும் வேப்பம்பலகை என்றாலே அதற்கு இளக்காரம்.

"மூஞ்சியெல்லாம் குழி. உன்னை யார்றா கூப்பிட்டா?" என்று தினமும் கேட்கும். பலகை சிரித்துக்கொள்ளும்.

அன்றைக்குப் பட்டறைக்காரர் காசிலிங்கம், "ஒரு நிமிஷ வேலைதானே" என்று பலகை வைக்காமலே சக்கைக் கழற்றினார். அது கைநழுவி, அவர் விரலை நசுக்கிக்கொண்டு லேத்தின் வழுவழுப்பான இரும்புத் தளத்தில் விழுந்தது. ரத்தம் சொட்ட அவர் வீட்டுக்குள் ஓடினார்.

"உங்களுக்கு அடி படலியேண்ணே?" என்று மூலையிலிருந்து பலகை கேட்டது.

சக் தான் விழுந்த இடத்தைப் பார்த்தது. தளத்தில் புதிதாக ஒரு குழி. பிறகு பலகையைப் பார்த்தது. அதே குழி, அதே அளவில், அதன் மூஞ்சியெங்கும் இருந்தது.