கவட்டைக் குச்சி காட்டிய மூலை

கிணறு வற்றிப் பயிரெல்லாம் கருகிய நிலத்தில் ஒரே ஒரு வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றது. நீரோட்டம் பார்க்க வந்தவர் அதிலிருந்துதான் ஒரு கவட்டைக் குச்சியை ஒடித்தார்.

"தண்ணி என் வேருக்குக் கீழேயே ஓடுதுடா. இங்கேயே குனிஞ்சு காட்டிடு," என்றது மரம்.

"சும்மா இரும்மா. ஒடிச்ச இடத்துலயே குனிஞ்சா என்னை யாரு மதிப்பாங்க?" என்றது குச்சி.

நீரோட்டக்காரர் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நிலத்துக்காரர் பின்னாலேயே வந்தார். "ஈசானி மூலையில அமைஞ்சா குடும்பத்துக்கு ராசிங்க," என்றார். குச்சி அதைக் கேட்டுக்கொண்டது. ஈசானி மூலை முழுக்கப் பாறை. குச்சி அங்கே போய்த் தலைகுப்புறக் குனிந்தது. நிலத்துக்காரர் கண் கலங்கிக் கும்பிட்டார். அடையாளத்துக்குக் குச்சியையே அங்கு ஊன்றினார்கள்.

மறுநாள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தது. வழியை மறித்த வேப்பமரத்தை வேரோடு சாய்த்தார்கள். அந்தக் குழியைத் தாண்டும்போது வண்டியின் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது.

"இந்தக் கோடையில சனியன் புடிச்ச சேறு எங்கிருந்து வந்துச்சு?" என்று நிலத்துக்காரர் எரிந்து விழுந்தார். எல்லோருமாகக் கல்லை அள்ளிப் போட்டுக் குழியை மூடினார்கள். வண்டி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. சூடம் கொளுத்தினார்கள்.

"இப்பவாவது சொல்லேன்டா," என்று கிடந்தபடியே கத்தியது மரம்.

"தேங்காய் உடைச்சாச்சும்மா," என்றது குச்சி. "இனிமே சொன்னா நல்லா இருக்காது."