சேராத வீடு

"கவியா, அக்கா வருது. டிவிய நிறுத்து!" கலைச்செல்வன் பதறிப்போய்க் கதவைத் தாழிட்டான்.

கவியா ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். "பை கனமா இருக்குங்க. ஆள் சேர்த்து விக்கிற அந்தச் சத்து பவுடர் டப்பாதான். அரும்பாவூர்ல அதுல சேராதது நம்ம வூடு மட்டுந்தான்."

"நம்மளையும் தனக்குக் கீழ சேர்க்கத்தான் அக்கா மூணு மாசமா போன் பண்ணுது. நான் எடுக்கவே இல்ல."

"தம்பி! கலை!" அக்கா கதவைத் தட்டினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிடம் கழித்துச் செருப்புச் சத்தம் விலகிப் போனது.

கலைச்செல்வன் மெல்லக் கதவைத் திறந்தான். கொண்டியில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகை. உறைமேல் அக்கா எழுதியிருந்தாள்:

'தாய்மாமனுக்கு, முதல் பத்திரிகை.'